நான்கு இலை விசிறி

வெண்கழிக்குப்பத்து ஆட்களின் கனம் தண்ணீரில் மாறத் தொடங்கிய மறுவருஷம் கழியில் இறால் நன்றாக விழுந்தது, பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கோசலையின் புருஷன் தேசிங்கு பஹ்ரைனிலிருந்து திரும்பி வந்தான். ஊர் அதிகம் பேசியது தேசிங்கைப் பற்றித்தான். கனம் மாறியதைப் பற்றி அதற்குள் பேசி முடித்திருந்தார்கள்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற உப்பங்கழியின் கரையில் ஒரு காலத்தில் ஒரு ரிசார்ட் இருந்தது. அது மூடிப் போனபோது கட்டடத்தை யாரும் கேட்கவில்லை, படகை மட்டும் ஊர் ஏற்றுக்கொண்டது. அது மீன் பிடிக்கிற படகு இல்லை. இன்ஜின் அதன் வயிற்றுக்குள் இருக்கும். புரொப்பல்லர், அதாவது ஊர்ப் பேச்சில் விசிறி, பின்னால் வருகிறவரின் காலில் படாதபடி அடிவயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கும். படகின் இடது பின்மூலையில் கனத்தை ஏற்றி, சைக்கிளை அழுத்தி மிதிக்கிற வேகத்தில் ஓட்டினால், சாய்ந்த பக்கத்தில் ஓர் அலை எழுந்து, கன்றுக்குட்டி மாதிரி படகைத் தொட்டுத் தொட்டுப் பின்னாலேயே வரும். பின்னால் சறுக்குப் பலகையில் வருகிறவர் படகில் கட்டிய கயிற்றைப் பிடித்து எழுந்து நின்று, அலை தன்னைத் தாங்குகிறது என்று கால் சொன்னதும் கயிற்றை விட்டுவிடலாம். சனி ஞாயிறுகளில் இதற்காகவே சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். ரிசார்ட்டில் தரை துடைக்கப் போய், ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனதால் ஸ்டீயரிங்கைப் பிடித்தவள் கோசலை; ஊரில் அந்தப் படகை ஓட்டத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

கனத்துக்கு ரிசார்ட்காரர்கள் வைத்திருந்த ரப்பர்த் தண்ணீர்ப் பைகள் வெயிலில் இற்றுப்போயின. மண் மூட்டை வைக்கலாமே என்று சென்னைப் பையன் ஒருவன் சொன்னபோது கரையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஊரில் கரை மண்ணைச் சாக்கில் கட்டிப் படகில் ஏற்றுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கடலுக்குப் போனவன் உடலும் கிடைக்காமல் போனால், அவன் எடைக்கு மண் கட்டி, முகத்துவாரத்தில் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அவன் வீட்டில் விளக்கேற்றி, அழுது, நடக்க வேண்டியதை நடத்துவார்கள். எனவே மண் ஆகாது, ஆட்களே குந்தட்டும் என்று முடிவாயிற்று. ஆறு பேர் இடது மூலையில் நெருக்கி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, சென்னைப் பிள்ளைகள் விழுவதையும் எழுவதையும் பார்த்துச் சிரிப்பது என்று ஒரு வேலை ஊரில் உண்டானது.

மளிகைக் கடை மாசிலாமணி, கதவைக் குறுக்காகத் திரும்பித்தான் கடப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தபோது படகு ஓட ஓட அந்த மூலை தக்கை மாதிரி எழும்பியது. அதே நாள் சாயங்காலம் உப்பளத்தில் வேலை செய்கிற வேதநாயகி, காய்ந்த வாளைமீன் போல இருப்பவள், உட்கார்ந்ததும் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் இன்ஜினைக் குறை சொன்னார்கள், பிறகு ஓதத்தின் ஏற்ற இறக்கத்தை, பிறகு காற்றை. அடுத்த மாதம் மாசிலாமணி கடையை மச்சானிடம் விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போனவர் போனவர்தான். வேதநாயகியை அம்பத்தூரில் வீடு கட்டிய மகன் வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், அவள் போகவில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, பங்குனி பிறப்பதற்குள், யாரும் எடுத்துச் சொல்லாமலே ஊருக்குப் புரிந்துவிட்டது: போகிறவர்கள் தண்ணீரில் கனப்பதில்லை, இருக்கிறவர்கள் கனக்கிறார்கள். கரையில் எல்லோரும் எல்லோரையும் போலத்தான். கட்டிக் கிடக்கிற படகிலும் அப்படித்தான். படகு ஓடி அலை எழும்பும்போது மட்டும் இந்த வித்தியாசம்.

இது ஏன் என்று கேட்கிற ஊர் இல்லை அது. மழை ஏன் கார்த்திகையில் வருகிறது என்று கேட்காதவர்கள் இதையும் கேட்கவில்லை. இதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். பெண் கேட்டு வந்த மாப்பிள்ளைகளுக்குக் காபி கொடுத்து, "கழியைச் சுத்திப் பாருங்க தம்பி" என்று படகில் ஏற்றினார்கள். மாற்றல் வாங்கப்போகும் வாத்தியார் யார் என்று பிள்ளைகளுக்கு வாத்தியாருக்கு முன்பே தெரிந்திருந்தது. வார்டு தேர்தலில் நின்றவரைக் கழி நடுவே கொண்டுபோனபோது அவர் உட்கார்ந்த மூலை பறந்தது. ஆனாலும் ஜெயித்தார், இப்போது பொன்னேரியில் இருக்கிறார். இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் கல்லின் கனத்துக்கு மேல் ஒரு பிடி கனக்கவில்லை. பெண்டாட்டியை அடிக்கிற கன்னிமுத்து பாறாங்கல்லாய்க் கனத்தான், அவள் கரையிலிருந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். கனமானவன் நல்லவன் என்று யாரும் சொல்லவில்லை. இருப்பான், அவ்வளவுதான்.

எல்லையம்மன் தெப்பத்துக்கு இந்தப் படகையே அலங்கரிக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. ஊர்த் தலைவர், நாட்டார் கன்னியப்பன், நெடுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அவள ஏத்தி, மூலை எழும்பிச்சுன்னா அப்புறம் நாம இன்னா பண்றது? வேணாம். சிலத எடை போடக் கூடாது" என்றார். அம்மன் வழக்கம்போலக் கட்டுமரத்தில் போனாள்.

இந்தக் கனக் கூத்துக்கு ஈடு கொடுக்க ஊரில் இரண்டு விசிறிகள் இருந்தன, இரண்டும் கோசலையின் பொறுப்பு. ஒன்று மூன்று இலை கொண்டது, இலைகள் நிமிர்ந்து திருகியிருக்கும். ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் நீளமாக எட்டு வைத்து முன்னே போகும். லேசான ஆட்கள் ஏறுகிற நாளைக்கு அது. கனத்தில் அதை மாட்டினால் இன்ஜின் மூச்சுத் திணறி, மூக்கைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரை உழுதுகொண்டே நிற்கும், அலை எழாது. இன்னொன்று நான்கு இலை, திருகு குறைவு. சின்னச் சின்ன எட்டாக வைத்து, எவ்வளவு கனத்தையும் விடாப்பிடியாகத் தள்ளிக்கொண்டு போகும். லேசான படகில் அதை மாட்டினால் பிடிமானம் இல்லாமல் இன்ஜின் அலறும், கரையில் கட்டிய ஆடுகள் கயிற்றை அறுக்கும். மாட்டிய பிறகு மாற்றுவது என்றால் படகைக் கரையேற்றி, கழற்றி, மறுபடி இறக்க அரை நாள் போய்விடும். அதனால் இன்றைக்கு யார் உட்காரப் போகிறார்கள், எவ்வளவு கனப்பார்கள் என்பதை முன்கூட்டியே கணித்து விசிறியை மாட்ட வேண்டும். கோசலையின் கணிப்பு பெரும்பாலும் தப்பாது. தீராத குறை ஒன்றே ஒன்று: படகு எப்போதும் கொஞ்சம் வலது பக்கம் இழுத்தது. அதைச் சாய்க்க இடது மூலையில் தேவைப்பட வேண்டியதைப் போல இரண்டு பங்கு கனம் வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் அடிப்பலகைக்குள் எங்கோ தண்ணீர் கோத்திருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தார், துளை போட்டும் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

கோசலையின் மகள் இன்பவல்லிக்கு இடது பக்கத்து அலை வாய்க்கவில்லை. பிறவியிலேயே அவள் வலது காலை முன்வைத்து நிற்கிறவள். அப்படி நிற்கிறவர்களுக்கு இடது அலை முதுகுக்குப் பின்னால் வரும். ஊரிலேயே நன்றாகச் சறுக்கியவள் அவள்தான், ஆனால் தன்னைத் தாங்கிய அலையை ஒருநாளும் முகம் கொடுத்துப் பார்த்ததில்லை.

தேசிங்கு போனபோது அவள் ஒன்றாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். அங்கே அவன் மீன்பிடிப் படகில் இருந்தான், பிறகு இழுவைப் படகில், பிறகு எதில் என்று தெரியவில்லை. நடுவில் இரண்டு வருஷம் போன் இல்லாமல் போனபோது, அவன் கூடப்பிறந்த அக்கா பூங்காவனமே மடித்த சாக்கோடு கோசலை வீட்டு வாசலில் வந்து நின்றாள். "என் தம்பிதான். ஆனா நீ எத்தினி நாளிக்கு இப்படியே நிப்ப? மண்ணக் கட்டி இறக்கிடலாம்டீ" என்றாள். கோசலை சாக்கை வாங்கி அரிசி கொட்டி வைத்துக்கொண்டாள். மறுமாதம் போன் வந்தது.

அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருவெல்லாம் நின்று நின்று பேசி, வீட்டுக்குள் வந்து, சோறு கேட்டு, சாப்பிட்டு முடித்து, "இனிமே எங்கயும் போறதில்ல" என்றான்.

இன்பவல்லி தட்டை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள். கோசலை, "சரி" என்றாள்.

கழியில் மீன் பிடிக்கிற முறைக்குப் பாடு என்று பேர். எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று குடும்பத்துக்குக் குடும்பம் முறை சுற்றி வரும். ஆண் இல்லாத வீட்டின் பாடு தூங்கும். தேசிங்கு வந்த மூன்றாம் நாள் நாட்டாரிடம் போய், தூங்குகிற தன் பாட்டை எழுப்பித் தரச் சொன்னான்.

"தரலாம்" என்றார் கன்னியப்பன். "ஆனா நீ வாங்கிக்கினு நாளைக்கே பஸ் ஏறிட்டீன்னா முறை குழம்பிடும். படகுல குந்து, பாத்துடுவோம்."

தேசிங்கு சிரித்தான். ஊருக்கு வந்த அன்றே அவனுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். "தாராளமா குந்தறேன் மாமா. நான் குந்துனா நீங்க எல்லாம் வேட்டிய மடிச்சிக் கட்டிக்கணும், தண்ணி ஊருக்குள்ள வரும்."

வழக்கமாக எடை பார்க்கப்படுகிறவரோடு துணைக்கு ஐந்து பேர் உட்காருவார்கள். இந்தத் தடவை நாட்டார் அது கூடாது என்றார். ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தேசிங்குக்கு உறவு, அவர்கள் கனம் இவன் கணக்கில் சேர்ந்துவிடும். தனியாக உட்காரட்டும். "எம் புள்ளையாட்டம் வளத்தேன், நான் குந்தக் கூடாதா?" என்று பூங்காவனம் சண்டைக்குப் போனாள். "நீ குந்துனா கழியே குந்திக்கும், போ அந்தாண்ட" என்று அவளை விரட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு கரையேறிக் கிடந்தது. கோசலை அதன் அடியில் பழைய பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு விசிறிகளும். எதை மாட்டுவாள் என்று பார்க்கக் கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. மாட்டுகிற விசிறியே அவள் வாய் திறந்து சொல்லாத பதில் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று இலையை மாட்டினால் கட்டினவனை அவளே நம்பவில்லை என்று ஆகும். நான்கு இலையை மாட்டி, அவன் கனக்காமல் போனால், இன்ஜின் அலறுகிற அலறலில் அவள் ஏமாந்தது முகத்துவாரம் வரை கேட்கும். தேசிங்கும் தூரத்தில் ஒரு கவிழ்த்த தோணி மேல் உட்கார்ந்து, பீடியைப் பற்ற வைக்காமலே விரலில் உருட்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்பவல்லி ஸ்பேனரை நீட்டிக்கொண்டு குனிந்தாள். "அப்பாவ ஏத்தாதம்மா. பாடு வேணாம். நாட்டார் தாத்தா அம்மனையே ஏத்தல இல்ல?"

"அம்மன் நான் இருக்கறேன்னு வாயால சொல்லல" என்றாள் கோசலை.

"தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"தெரியாம இத்தினி வருஷம் இன்னா பண்ணேன்?"

இன்பவல்லி ஸ்பேனரை அம்மா கையில் வைத்தாள். கூட்டத்துக்குக் கேட்காமல், "எத மாட்டப் போற?" என்றாள்.

கோசலை இரண்டையும் பார்த்தாள். கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். இத்தனை காலமும் ஆட்களின் நடையைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, சாப்பிடும்போது வாசலைப் பார்க்கிறார்களா தட்டைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக் கணித்தவள், இவனைக் கணிக்கப் போனால் மட்டும் கணிப்பு எங்கே முடிந்து ஆசை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நின்றாள். தேசிங்கு சாப்பிடும்போது தட்டையும் பார்த்தான், வாசலையும் பார்த்தான். கடைசியில் அவள் நான்கு இலையை எடுத்து, தண்டில் ஏற்றி, நட்டை முறுக்கினாள். கரையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பூங்காவனம் மூக்கைச் சிந்திப் போட்டாள். தேசிங்கு பீடியைப் பற்ற வைத்தான்.

ஓதம் ஏறியதும் படகை இறக்கினார்கள். தேசிங்கு இடது மூலையில் தனியாக உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கோசலை வலது பக்கத்தில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். பின்னால் கயிற்றின் நுனியில் பலகையோடு இன்பவல்லி மிதந்தாள். அலையின் உயரத்தை ஊருக்குக் காட்ட ஒருவர் வேண்டும், அது எப்போதும் அவள்தான்.

கோசலை நெம்புகோலைத் தள்ளினாள். இன்ஜின் அலறப் போகிறது என்று ஆட்டுக்காரர்கள் ஆடுகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்ஜின் அலறவில்லை. திணறவும் இல்லை. நான்கு இலையும் தண்ணீரைக் கவ்வி, சின்னச் சின்ன எட்டாக, பாரம் ஏற்றிய மாடு மேட்டில் ஏறுகிற நிதானத்தோடு படகைத் தள்ளியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நாட்டார் கை தட்டப் போனார். போன கை பாதியில் நின்றது, ஏனென்றால் இடது மூலை எழும்பிக்கொண்டிருந்தது. தேசிங்கு உட்கார்ந்த இடம் மேலே மேலே போய், அவன் கால் தரையில் பாவாமல், வானத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் போலத் தெரிந்தான். இடது பக்கத்துத் தண்ணீர் கலங்கிச் சிதறி, நுரையாக ஓடியது. அங்கே அலை இல்லை.

படகு வலது பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, இன்னும் சாய்ந்து, கோசலையின் முழங்கைக்குப் பக்கத்தில் விளிம்பு தண்ணீரைத் தொட, அந்தப் பக்கத்தில், ஊரில் யாரும் அதுவரை அலை பார்த்திராத பக்கத்தில், ஓர் அலை எழுந்தது. அது வேதநாயகி கனத்த நாளின் அலையைவிட, ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்த எந்த நாளின் அலையையும்விட உயரமாக, கண்ணாடி போலச் சலனமில்லாமல், மார்பளவு நின்று, கூடவே வந்தது.

மெக்கானிக் துளை போட்டும் கண்டுபிடிக்காத கனம் எங்கே உட்கார்ந்திருந்தது என்று கோசலைக்கு அப்போது தெரிந்தது. இத்தனை வருஷமும் அவள்தான் ஓட்டினாள். ஓட்டுகிறவளை யாரும் எடை போட்டதில்லை.

"கோசல" என்று தேசிங்கு மேலேயிருந்து கூப்பிட்டான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் இருக்கணும்னுதான் வந்தேன்."

"தெரியும்."

"பொய் சொல்லல."

"தெரியும்யா. நல்லா புடிச்சிக்க, உழுந்துடப் போற."

பின்னால் இன்பவல்லி இடது பக்கத்து நுரையில் கொஞ்சம் தடுமாறி, கயிற்றை இழுத்து, படகின் தடத்தைக் குறுக்கே கடந்து வலது பக்கம் வந்தாள். வலது காலை முன்வைத்து நின்றவளுக்கு அலை முதல் தடவையாக முகத்துக்கு நேரே வந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அலைக்கு மேலாக அம்மாவின் முதுகைப் பார்த்தாள், அது எவ்வளவு கனம் என்றும் பார்த்தாள். பிறகு கயிற்றை விட்டாள். கரையில் இருந்தவர்கள் கத்த மறந்தார்கள். முகத்துவாரம் வரை போய்த் திரும்பி வரும்வரை அவள் விழவில்லை.

தேசிங்கு உடனே போய்விடவில்லை. கூரையை மாற்றினான், மகளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான், அக்கா வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தை முடிந்து ஒரு காலையில் பஸ் ஏறும்போது கோசலை நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பை கனமாகவே இருந்தது. கரையில் எல்லாம் எப்போதும் போலத்தான்.

திரும்பி வந்தபோது பூங்காவனம் கரையில் குந்திக்கொண்டு, அழுதுகொண்டே, சாக்கில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கோசலை அவள் கையைப் பிடித்தாள். "கொட்டிடுங்க அண்ணி. அவரு உயிரோடதான் இருக்காரு. கனம் இல்ல, அவ்வளவுதான்."

"அப்ப பாடு இன்னா ஆவறது?" என்று பூங்காவனம் அங்கே வந்து நின்ற நாட்டாரைப் பார்த்துக் கேட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழைய சண்டைக் குரலில்.

கன்னியப்பன் மீசையைத் தடவினார். பெண் பேரில் பாடு எழுந்த வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஆனால் எழக் கூடாது என்று யாரும் சொல்லி வைத்ததாகவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. "ஊரே பாத்துச்சே" என்றார் கடைசியில். "யார் இருக்கறாங்களோ அவங்களுக்கு. வலையை எடுத்துக்கினு வரச் சொல்லு."

இப்போது வெண்கழிக்குப்பத்தில் அலை வலது பக்கத்தில்தான். சென்னைப் பிள்ளைகளில் இடது காலை முன்வைக்கிறவர்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். இடது மூலையில் உட்கார ஆள் தேவையில்லை. வெற்றிலைக்கூட்டம் வேலை போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்து சிரிக்கிறது. எடை போடுவதும் நின்றுபோயிற்று. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வந்தால் காபியோடு அனுப்பிவிடுகிறார்கள்.

இன்பவல்லிக்குச் சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, படகைக் கட்டும்போது அவள், "நான் ஒருவாட்டி மூலையில குந்தறேன்மா, சும்மா" என்றாள்.

"நீ கயித்துலயே வா" என்றாள் கோசலை.

அந்த நான்கு இலையைப் பிறகு கழற்றவே இல்லை. மூன்று இலை விசிறிக்கு மட்டும் மாதம் ஒருமுறை எண்ணெய் தடவி, பழைய புடவையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைக்கிறாள். தேவையில்லாததை எதுக்குடீ துடைச்சிக்கினு இருக்கற என்று பூங்காவனம் கேட்டபோது, கோசலை இலைகளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, நெளிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு சொன்னாள்: "என்னிக்காவது அவ லீவுக்கு வந்து, நான் ஓட்டறேம்மான்னு கேட்டா?"